சிரிப்பூட்டும் காரியதரிசி



கந்தோர் ஒன்றுக்கு அலுவலாகச் சென்று, மேசைக்கு அப்பால் இருப்பவர் எப்பொழுது நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்து நின்ற அனுபவம் இல்லாதவர் நம்மிடையே அரிது. அவர் கையில் ஒரு கோப்பு இருக்கும்; அது நமது கோப்பாக இராது. தொண்டையைச் செருமினால் ஒரு பார்வை கிடைக்கும். அந்தப் பார்வையிலே கோபமும் இராது, இரக்கமும் இராது. "என்ன?" என்று ஒரு சொல். நாம் நமது கதையைச் சொல்லி முடித்த பின்னர், "அது இங்கே இல்லை" என்று மூன்று சொற்கள். அவ்வளவுதான். நேரிலே இதனை அனுபவிப்பவருக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஆனால், இதே காட்சியைச் சித்திரமாக வரைந்து தொலைக்காட்சியிலே காட்டினால், அதே மனிதர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். இஃது ஏன் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இந்த எண்ணம் எனக்கு உதித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். மருதானையில் உள்ள எங்கள் வீட்டிலே, என் மகன் பழைய அமெரிக்கச் சித்திரத் தொடர் ஒன்றைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தான். 'டில்பர்ட்' என்பது அதன் பெயர். ஸ்கொட் அடம்ஸ் என்பவர் 1989ஆம் ஆண்டு முதல் பத்திரிகைகளில் வரைந்து வந்த கேலிச்சித்திரங்களை ஆதாரமாகக் கொண்டு ஆக்கப்பட்ட அத்தொடர், 1999 தை மாதம் தொடங்கி 2000 ஆடி மாதம் வரை 30 அங்கங்களாக ஒளிபரப்பாயிற்று. அடம்ஸ் ஒரு வங்கியிலும், பின்னர் ஒரு தொலைபேசிக் கம்பனியிலும் பல்லாண்டு ஊழியம் பார்த்தவர். ஆகையால் கந்தோரின் உட்புறத்தை அறிந்தவர். 2023ஆம் ஆண்டில் கறுப்பின மக்களைப் பற்றி அவர் கூறிய வார்த்தைகளின் காரணமாக, அமெரிக்கப் பத்திரிகைகள் பல அவருடைய சித்திரத்தைக் கைவிட்டன என்பதையும் இவ்விடத்தில் மறைத்தல் முறையன்று. படைத்தவரின் குறை படைப்பினுள் எவ்வளவு தூரம் இறங்கும் என்பது வேறொரு நாளைய பேச்சுக்கு உரியது.

அத்தொடரிலே ஒரு மேலதிகாரி வருகிறார். அவருக்குப் பெயரே இல்லை. தலையின் இரு புறத்திலும் கொம்புகளைப் போன்று கூராக நிமிர்ந்த மயிர்தான் அவருடைய அடையாளம். தமக்குக் கீழே உள்ளவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பது அவருக்கு விளங்குவதில்லை. விளங்கவில்லை என்பதும் விளங்குவதில்லை. அவருடைய அறைக்கு வெளியே கரோல் என்னும் காரியதரிசி அமர்ந்திருக்கிறாள். உத்தியோகத்தையும் வெறுப்பவள்; உத்தியோகம் தந்தவரையும் மதியாதவள். கணவனையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசும்பொழுதுகூட அவள் குரலில் ஈரம் கிடையாது. கேட்ட கேள்விக்கு நேரான விடை அவளிடம் இல்லை. காலை வணக்கம் சொன்னாலும், அந்த வணக்கத்துக்குள்ளே ஓர் ஊசி இருக்கும்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பாடசாலையிலே நான் இவ்வாறு சிரிப்பதை அவன் கண்டதில்லை.

சித்திரத்திலே இந்தப் பாத்திரம் இவ்வளவு சிறப்பாக அமைவதற்கு ஒரு காரணம் உண்டு. சித்திர உலகம் துள்ளும் உலகம். அங்கே பூனை ஓடும், எலி ஓடும், மனிதர் மலையினின்று விழுந்தும் எழுந்து நடப்பர். எல்லாம் அசைகின்ற அவ்வுலகிலே ஒருத்தி மாத்திரம் அசையாது, விரலையும் தூக்காது, கண்ணையும் திருப்பாது இருப்பாளாயின், அவளே நம் கண்ணுக்கு முதலில் தெரிவாள். நடிகை ஒருத்தி அலட்சியத்தை நடிக்க வேண்டுமாயின், முகத்தின் தசைகளையெல்லாம் அடக்கியாக வேண்டும். சித்திரக்காரனுக்கோ இரண்டு கோடுகள் போதும். மீதியைக் குரல் பார்த்துக்கொள்கிறது. வானொலி நேயர்களாகிய உங்களுக்குக் குரலின் வல்லமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, அந்த நாற்காலியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

ஆங்கிலத்திலே காரியதரிசியைக் குறிக்கும் சொல், இரகசியம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அரசனின் இரகசியத்தைக் காப்பவர் என்பதே பழைய கருத்து. தமிழிலே நாம் வழங்கும் 'காரியதரிசி' என்ற சொல்லோ, காரியத்தைக் காண்பவர் என்று பொருள்படும். காண்பவர் என்றுதான் சொல்லியிருக்கிறதே அன்றிச் செய்பவர் என்று சொல்லவில்லை. சொல்லை ஆக்கியோன் தீர்க்கதரிசியாக இருத்தல் வேண்டும்! நாம் இலங்கையிலே அன்றாடம் வழங்கும் 'கந்தோர்' என்ற சொல், 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அவர்கள் போய்விட்டார்கள், கந்தோர் இருக்கிறது. 'கச்சேரி' என்பது வட இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்து சேர்த்தது. சங்கீதக் கச்சேரிக்குச் செல்பவர் பாட்டைக் கேட்டு வருகிறார்; மற்றக் கச்சேரிக்குச் செல்பவர் பாட்டு வாங்கி வருகிறார் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பகிடி சொல்வதுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில், மேலைநாடுகளிலும் காரியதரிசி என்றால் ஆண்மகனே. பெரிய வீட்டுப் பிள்ளை காரியதரிசியாகத் தொடங்கி மந்திரியாக முடிவதும் உண்டு. 1874ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பனியார் தட்டெழுத்துப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர் நிலைமை மாறியது. சுருக்கெழுத்தை ஐசக் பிட்மன் 1837ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். இவ்விரண்டையும் கற்ற பெண்கள் கந்தோர்களுக்குள் நுழைந்தார்கள். வேலை நுட்பமானது, சம்பளம் ஆண்களுடையதிலும் குறைவு, மேலே ஏறுவதற்கு ஏணி கிடையாது. அதிகாரிகள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவருக்கும் கந்தோரின் நடைமுறையை அவளே கற்பிப்பாள். கற்றுக்கொண்டவர் பதவி உயர்வு பெற்றுச் செல்வார். கற்பித்தவள் அதே நாற்காலியிலே இருப்பாள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிறிய அறைகளிலே வரிசை வரிசையாகத் தட்டெழுத்துப் பொறிகளை வைத்து, மாலை வேளைகளிலே எங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்த காலம் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். ஒழுங்கையிலே செல்வோர்க்கு மழை பெய்வது போன்ற அந்த ஓசை கேட்கும். அங்கு கற்ற பெண்கள் எத்தனை குடும்பங்களைத் தாங்கினார்கள்! அவர்களிலே எத்தனை பேர், தாம் தட்டிக் கொடுத்த கடிதத்தின் பிழைகளைத் தாமே திருத்தி, மேலே இருப்பவரின் மானத்தைக் காத்து, ஒரு நன்றிச் சொல்லும் பெறாமல் இளைப்பாறினார்கள்!

ஆகவே, கரோலின் எள்ளல் வானத்திலிருந்து விழுந்ததன்று. அறிவு கீழேயும் அதிகாரம் மேலேயும் இருக்கின்ற இடத்திலே அது முளைக்கிறது. உத்தியோகத்தை விட முடியாது; எதிர்த்துப் பேசவும் முடியாது; எஞ்சியிருப்பது தொனி ஒன்றே. சொல்லைக் குற்றங்கூறலாம், தொனியைக் குற்றப்பத்திரிகையில் எழுத முடியாதன்றோ? சம்பளத்தால் ஈடுசெய்யப்படாத பகுதியை அவள் தொனியால் ஈடுசெய்துகொள்கிறாள்.

இவ்விடத்தில் ஒரு வேற்றுமையைக் கவனித்தல் அவசியம். கரோலின் அலட்சியம் மேல்நோக்கிப் பாய்வது. தன்னை ஆள்பவர்மீது பாய்வது. ஆகையால் நாம் அவளுடைய பக்கத்தில் நின்று சிரிக்கிறோம். வேறு வகை அலட்சியம் ஒன்று உண்டு. அது கீழ்நோக்கிப் பாய்வது; வாசலிலே வந்து நிற்பவர்மீது பாய்வது. அதனைக் கண்டும் நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பிலே பழிதீர்த்த சுகமும் கலந்திருக்கிறது.

இந்த இரண்டாவது வகைக்கு உலகச் சித்திரப் படங்களிலே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. பிரெஞ்சு நாட்டின் கொசினியும் உதெர்சோவும் படைத்த அஸ்டெரிக்ஸ் என்னும் சிறு வீரனைப் பற்றி, 1976ஆம் ஆண்டிலே ஒரு முழுநீளச் சித்திரப் படம் வெளிவந்தது. சீசர் அவனுக்குப் பன்னிரண்டு சோதனைகளை விதிக்கிறார். மல்லனோடு பொருதுவதும் முதலையின் வாயிலிருந்து தப்புவதும் அவனுக்குப் பெரிய காரியங்களாக இருக்கவில்லை. அவனைப் பைத்தியத்தின் விளிம்புக்குக் கொண்டுசெல்வது ஒரு கந்தோர். ஏ38 என்னும் அனுமதிப் பத்திரத்தைப் பெற்று வர வேண்டும், அவ்வளவுதான். முதலாம் யன்னலுக்குப் போ, இடப்புற நடைபாதையிலே போ, கடைசிக் கதவைத் தட்டு, மாடிக்கு ஏறு என்று ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்புகிறார்கள். யன்னலுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஈற்றில் அஸ்டெரிக்ஸ் ஓர் உபாயம் செய்கிறான். புதிய சுற்றறிக்கை ஒன்றின்படி ஏ39 பத்திரம் வேண்டும் என்று, இல்லாத பத்திரம் ஒன்றைக் கேட்கிறான். கந்தோர் முழுவதும் அதனைத் தேடி ஓடுகிறது. அந்தக் கலவரத்திலே, ஆளை அனுப்பிவிட்டாற் போதும் என்று ஏ38 பத்திரத்தைக் கையிலே கொடுத்துவிடுகிறார்கள். அலட்சியத்துக்கு மருந்து கோபமன்று. அதன் சொந்த மொழியை அதற்கே திருப்பிப் பேசுவதுதான் என்று அந்தப் படம் காட்டுகிறது. பின்னால் இதனை மீண்டும் நினைவுபடுத்துவேன்.

2016ஆம் ஆண்டு வந்த 'சூட்டோப்பியா' என்ற படத்திலே வாகனப் பதிவுக் கந்தோரின் எல்லா யன்னல்களிலும் தேவாங்கினும் மெதுவாக அசையும் பிராணிகளை இருத்தியிருக்கிறார்கள். நல்ல வேடிக்கை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எனக்கு அதிலும் பிடித்தது, 2001ஆம் ஆண்டில் வந்த 'மொன்ஸ்டர்ஸ் இன்க்' என்னும் படத்து ரொஸ். நத்தையைப் போன்ற உடலும், கரகரத்த குரலும் உடைய கிழவி அவள். அந்தக் குரலைக் கொடுத்தவர் பொப் பீட்டர்சன் என்ற ஆண்மகன் என்பது ஒரு சுவையான செய்தி. எழுத்து வேலையை முடிக்காத ஊழியனை நாள்தோறும் குத்திக் காட்டுவதே அவள் தொழில். படத்தின் முடிவிலே, அந்த நிறுவனத்தை மறைவாக ஆராய வந்த பெரும் அதிகாரியே அவள்தான் என்று தெரியவருகிறது. ஒன்றையும் கவனியாதவள் போல இருந்தவளே எல்லாவற்றையும் கவனித்தவள். மேசையிலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணுகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

நமது முன்னோர் இந்தப் பிரச்சினையை அறியாதவர்களல்லர். அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டிலே ஒரு மணியைக் கட்டி, அதன் நீண்ட கயிற்றை வெளியே தொங்கவிட்டிருந்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. கன்றை இழந்த பசு அக்கயிற்றை இழுத்தது. நீதியின் மேன்மைக்காக இக்கதையைப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். அண்மையிலேதான் அதன் மற்றொரு பக்கம் எனக்குத் தெரிந்தது. மணிக்கும் அரசனுக்கும் இடையிலே எவருமில்லை. "அரசர் கூட்டத்தில் இருக்கிறார், நாளைக்கு வா" என்று பசுவுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. சிலப்பதிகாரத்திலோ இடையில் ஓர் ஆள் இருக்கிறான். ஒற்றைச் சிலம்புடன் கண்ணகி வந்து நிற்கையில் பாண்டியனின் வாயிற்காவலன் அவளைப் பார்க்கிறான், அஞ்சுகிறான், உடனே உள்ளே ஓடி, தான் கண்ட கோலத்தைக் கண்டவாறே அரசனுக்கு அறிவிக்கிறான். அவனும் ஒரு கந்தோர் ஊழியனே. வந்தவளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான் என்பதிலே அவனுடைய கடமை முழுவதும் அடங்கிவிட்டது.

முகத்தைப் பாராத எழுதுகோல் என்ன செய்யும் என்பதற்கு வட இந்தியாவிலிருந்து ஒரு செய்தி சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தின் அசம்கார் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிகாரி என்னும் விவசாயி, கடன் பெறும் பொருட்டுப் பத்திரங்களைத் தேடிச் சென்றபொழுது, அரசாங்க ஏட்டிலே தாம் இறந்துபோனதாகப் பதிவாகியிருப்பதை அறிந்தார். அவருடைய காணியை விரும்பிய உறவினர் கையூட்டுக் கொடுத்துச் செய்த வேலை அது. உயிரோடு நிற்கும் மனிதர், தாம் உயிரோடு இருப்பதை ஒப்புவிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அலைந்தார். தமது பெயரோடு 'மிருதக்', அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டார். தமக்குத் தாமே மரணச் சடங்கு நடத்தினார். 1989ஆம் ஆண்டுத் தேர்தலிலே ராஜீவ் காந்தியை எதிர்த்து நின்றார். ஏட்டிலே தம் பெயர் ஏறினாலாவது உயிர் வரும் என்ற நம்பிக்கை! 1994ஆம் ஆண்டிலேதான் அவர் மீண்டும் உயிர் பெற்றார். தம்மைப் போல் ஏட்டிலே மாண்ட பலரையும் சேர்த்து ஒரு சங்கமும் அமைத்தார். 2003ஆம் ஆண்டில் அவருக்கு இக் நோபல் என்ற நகைச்சுவைப் பரிசு வழங்கப்பட்டது. 2021இல் 'காகஸ்' என்ற திரைப்படம் அவருடைய வாழ்க்கையைக் காட்டியது.

இந்தக் கதையைக் கேட்ட எவரும் முதலிலே சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பின்னர், அந்த இருபது ஆண்டுகளிலே எத்தனை மேசைகளுக்கு முன்னால் அவர் நின்றிருப்பார், எத்தனை பேர் கண்ணால் கண்டுகொண்டே "நீர் இறந்துவிட்டீர்" என்று சொல்லியிருப்பார்கள் என்று எண்ணினேன். அவர்கள் எல்லோரும் கொடியவர்களா? அல்லர். ஏட்டிலே உள்ளதைப் படித்தார்கள். ஏட்டை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 'ஆம்' என்று சொல்ல அதிகாரமில்லாதவனுக்கு, 'இல்லை' என்று சொல்லும் அதிகாரம் ஒன்றே கையிலே கொடுக்கப்பட்டிருக்கிறது. அவன் அதனைச் செலவு செய்கிறான்.

இந்தியத் தொலைக்காட்சியிலே 2001ஆம் ஆண்டு தொடங்கிய 'ஒபிஸ் ஒபிஸ்' என்ற இந்தித் தொடர் இவ்வுண்மையைப் பிடித்துக்கொண்டது. பங்கஜ் கபூர் நடித்த முசத்திலால் என்னும் சாதாரண மனிதர் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கந்தோருக்குச் செல்கிறார். எங்கே சென்றாலும் அதே ஐந்து ஊழியர்களே அங்கே இருக்கிறார்கள். அவர்களிலே உஷா என்னும் அம்மையாராக அசாவரி ஜோஷி நடித்தார். அவசரம் என்ற சொல்லையே அறியாத அம்மையார் அவர். கந்தோர் மாறுகிறது, பலகை மாறுகிறது, முகங்கள் மாறுவதில்லை என்ற அமைப்பே அத்தொடரின் உயிர். பத்தாண்டு கழித்து, 2011இல், அதே முசத்திலாலைத் திரைப்படமாக்கியபொழுது, ஓய்வூதிய ஏட்டிலே இறந்துவிட்டதாகப் பதிவான மனிதர் என்றே கதையை அமைத்தார்கள். கற்பனை நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். இங்கே இப்பாத்திரத்துக்கு இன்னுமொரு கூர்மை உண்டு. அது மொழியால் வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரச கரும மொழியாக்கியது. 1958இலே தமிழுக்குச் சில விசேட ஏற்பாடுகள் செய்யப்பட்டன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்றது; அடுத்த ஆண்டு வந்த பதினாறாம் திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ அரச கந்தோருடன் கருமமாற்றி, அம்மொழியிலேயே மறுமொழி பெறும் உரிமை உடையவர். சட்டம் இவ்வாறிருக்க, விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடும் முதியவர்களை இந்த நகரத்திலே நான் இன்றும் காண்கிறேன். எள்ளல் என்பது மொழியை நன்கு அறிந்தவருக்கே விளங்கும். பாதி மொழி தெரிந்தவர், மேசைக்கு அப்பாலிருந்து வந்தது பகிடியா, ஏச்சா, உத்தரவா என்று அறியாமல் திகைக்கிறார். மற்றவர்கள் சிரிப்பதைக் கண்டு தாமும் சிரித்துவிட்டு வெளியே வருகிறார். அந்தச் சிரிப்பைப் போல வேதனையானது வேறில்லை. நியாயமும் சொல்ல வேண்டும். தமது மதிய உணவை ஒத்திவைத்து, தமிழ் மூதாட்டி ஒருவருக்காகப் படிவம் நிரப்பிய சிங்கள இலிகிதரை நான் கண்டிருக்கிறேன். தமிழருக்குத் தமிழிலேயே கடித்து அனுப்பிய தமிழ் உத்தியோகத்தரையும் கண்டிருக்கிறேன்.

அஸ்டெரிக்ஸின் உபாயத்தை நினைவுபடுத்துவேன் என்றேன் அல்லவா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஏறக்குறைய அத்தகைய கருவிதான். கந்தோரிலே உங்கள் விண்ணப்பம் எங்கே கிடக்கிறது, எவர் மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர் என்று அவர்கள் கேட்க முடியாது. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், தகவல் அலுவலரே அதனை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும். தாளுக்குத் தாள். "நாளைக்கு வா" என்ற சொல்லுக்கு முதன்முறையாக ஒரு திகதி கிடைத்திருக்கிறது. நேயர்களிற் பலர் இதனைப் பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம்.

இதுவரை மற்றவர்களுடைய கந்தோர்களைப் பற்றியே பேசினேன். என்னுடைய கந்தோரையும் சொல்லாவிட்டால் பேச்சு அரைகுறையாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தை மாதத்திலே, எங்கள் பாடசாலையில் படித்து முடித்த மாணவன் ஒருவனின் தாய் விடுகைப் பத்திரம் பெறுவதற்காக வந்திருந்தார். நாட்கூலிக்கு வேலை செய்பவர். நான் நடைபாதையின் மறுபுறம் நின்றேன். அவர்கள் என்னைக் காணவில்லை.

"அதிபர் ஐயா இருக்கிறாரோ, மிஸ்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

எங்கள் எழுதுவினைஞர் அம்மையார் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இருக்கிறார். ஆனால் இல்லை" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நல்ல வசனம், எந்த நாடகத்திலும் கைதட்டல் பெறும். தாய் சிரிக்கவில்லை. சற்று யோசித்து, "அப்படியென்றால் நான் இருக்கட்டோ, போகட்டோ?" என்று கேட்டார்.

நான் முன்னே சென்று விசாரித்தேன். அவர் வந்தது அன்று மூன்றாம் நாள். மூன்று நாட் கூலி போயிற்று. மகன் சேர இருந்த தொழிற்பயிற்சி நெறிக்குப் பத்திரம் ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் முதல்நாளோடு முடிந்துவிட்டது. அன்று வந்தது, காலந் தாழ்த்தியேனும் கொடுத்துப் பார்ப்போம் என்ற ஆசையால். பத்திரத்தைக் கையிலே கொடுத்து, ஒரு கடிதமும் எழுதி அனுப்பினேன். இடங்கள் நிரம்பிவிட்டன என்று மறுமொழி வந்தது. பையன் ஓராண்டு பொறுத்து அடுத்த ஆண்டிலேதான் சேர்ந்தான். அந்த ஓராண்டும் அவன் ஒரு கடையிலே மூட்டை தூக்கினான்.

அன்று பிற்பகல் எழுதுவினைஞர் அம்மையாரை அழைத்துக் கடிந்துகொள்ள முற்பட்டேன். "தாயொருத்திக்கு இப்படியா மறுமொழி சொல்வது?" என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. என் மேசையின் இடப்புற மூலையைக் காட்டினார். கையெழுத்துக்காக வைக்கப்பட்ட பத்திரங்களின் அடுக்கு அங்கே இருந்தது. அந்தப் பையனுடைய பத்திரமும் அன்று காலைவரை அதற்குள்ளேதான் கிடந்தது.

"சேர், கையெழுத்து இல்லாத பத்திரத்தை நான் எப்படிக் கொடுப்பது? பத்து மணி வரைக்கும் ஒருவரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொன்னதும் நீங்கள். அதிபர் இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னால் உங்களுக்குக் குறை. நாளைக்கு வாருங்கள் என்று சொன்னால் எனக்குக் குறை. என் குறையோடு போகட்டும் என்றுதான் சொல்லி அனுப்பினேன்."

நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவுமில்லை. அந்தத் தாயின்மீது விழுந்த அலட்சியம் அவருடைய வாயிலிருந்து வந்தது. ஆனால் புறப்பட்ட இடம் என் மேசை. கரோலைக் கண்டு நான் சிரித்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கு நினைவு வந்தது இந்தக் காட்சியே. அத்தொடரிலே கொம்பு போன்ற மயிருடன் வரும் மேலதிகாரிக்குப் பெயர் வைக்கப்படாததன் காரணத்தை நான் அன்று ஊகித்துக்கொண்டேன். பார்ப்பவர் தத்தம் பெயரை இட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் தொடக்கம் காலைப் பிரார்த்தனைக்கு முன்னரே கையெழுத்துகளை முடித்துவிடுகிறேன். வாசலிலே நின்றவர்களுக்கு உள்ளே ஒரு வாங்கு போட்டிருக்கிறோம். எழுதுவினைஞர் அம்மையார் மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். வருபவர்களிடம் முன்னிலும் தணிவாகப் பேசுகிறார். எள்ளல் முழுவதையும் எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். அது உரிய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்று காலையும் கையெழுத்துக்கான பத்திரங்களின்மேல், அவருடைய அழகிய எழுத்திலே ஒரு சிறு துண்டு செருகப்பட்டிருந்தது:

"அதிபர் அவர்கள் இருந்தால் ஒப்பமிடவும். இல்லாவிட்டாலும் இடவும்."